அவரு ஊட்டுல இருந்த மூணு வருசம்

இக்கட்டால, இந்தப் பக்கமா வந்து உக்காரு கண்ணு. அந்த பெஞ்சுக்கு ஒரு காலு ஆடுது, காலையில ஒரு அம்மா அப்பிடியே சாஞ்சு உழுந்துட்டாங்க. இந்தச் சொவத்தோரம் வா. இங்கிருந்தா ஆபரேசன் கதவும் தெரியும், சிஸ்டர் கூப்புட்டாலும் கேக்கும்.

என்னையத் தெரியுதா? நேத்துப் பொழுதோட உன்ற ஊட்டுக்காரரு வவுத்துல பையப் பாத்துட்டு ஓடியாந்து குழாயடியில வாந்தி எடுத்தியே, தண்ணி புடிச்சுக் குடுத்தேனே, அது நாந்தான். பேரு மைனாவதி. திருச்செங்கோட்டுக்குப் பக்கம். உன்ற பேரு? வெண்ணிலாவா? நல்ல பேரு. எடப்பாடியா? செரி செரி, பக்கந்தான்.

அழுவாத. வாந்தி வந்ததுக்கெல்லாம் வெக்கப்படாத. எனக்கு மொத நாளு மயக்கமே வந்துருச்சு. மனுசனோட கொடலு வெளிய செவசெவன்னு பூ மொக்காட்டம் நிக்குது, அதுல இருந்து மலம் வந்து பையில எறங்குதுன்னா யாருக்குத்தான் கொமட்டாது? ஒரு வாரம், அவ்வளவுதான். அப்பறம் சோறு தின்னுட்டிருக்கும்போதே எந்திரிச்சுப் போயி மாத்திட்டு, கையக் கழுவிட்டு வந்து மிச்சத்தைத் திம்ப. மூணு வருசம் செஞ்சவ சொல்றேன்.

ஆமா, மூணு வருசம். இன்னைக்குத்தான் என்ற ஊட்டுக்காரருக்குக் கொடலை உள்ள வெச்சு மூடறாங்க. உள்ள போயி ஒரு மணி நேரம் ஆச்சு, இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவும்னு சொன்னாங்க.

உனக்கு மூணு மாசம்னா சொன்னாங்க? அப்பிடித்தான் சொல்லுவாங்க. எனக்கும் மூணு மாசம்னுதான் சொன்னாங்க. பொறு, சொல்றேன். வரிசையாச் சொன்னாத்தான் உனக்குப் புரியும். மொதல்ல இருந்து வராட்டி என்னையத்தான் தப்பா நெனைப்ப.

அவரு பேரு அர்த்தநாரி. கெணத்துக்குப் போர் போடற வண்டியில டிரில்லரு. எங்க பக்கத்து வண்டியெல்லாம் வடக்கதான் போவும். சட்டீஸ்கர், ஒரிசா, இன்னும் பேரு வாயில நொழையாத ஊருக்கெல்லாம். போனாப் பத்து மாசம். அங்க மழை புடிச்சா வேலை நின்னுரும், அப்ப ரெண்டு மாசம் ஊட்டுக்கு வருவாரு. கண்ணாலமாகி அவரு படுக்கையில உழுவற வரைக்கும் பதினேழு வருசத்துல எல்லாத்தையும் கூட்டுனா மூணு வருசம்கூட என்ற பக்கத்துல இருந்திருக்க மாட்டாரு, பாத்துக்க.

வந்தா மொத வாரம் நல்லாத்தான் இருக்கும். துணி எடுத்தாருவாரு, கறி எடுத்தாருவாரு, புள்ளையத் தூக்கி வெச்சுக்குவாரு. ரெண்டாவது வாரத்துல இருந்து குடி. குடிச்சா அடி. இங்க பாரு, இந்தப் பக்கம் ரெண்டு பல்லு இல்ல. ஒண்ணு தாரணி மூணாவது படிக்கறப்ப போனது, ஒண்ணு அவ வயசுக்கு வந்த வருசம். தாரணி என்ற பொண்ணு. ஈரோட்டுல ஹாஸ்டல்ல இருந்து காலேஜுல படிக்கறா. அவரு வடக்க போனதுக்கப்பறம் என்ற மூஞ்சி வீக்கம் வத்தறதுக்கும், தறிக்குடோன்ல நூல் சுத்த வர்றவளுக கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் சொல்றதுக்குமே ஒரு மாசம் ஓடிரும். அதுக்கப்பறம் மறுபடி அவரு எப்ப வருவாருன்னு இருக்கும். சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன்.

உன்ற மணிக்கட்டுல அது என்ன? கதவுல இடிச்சுக்கிட்டியா? செரி. கதவுலதான் இடிச்சிருக்கும். வளையலை எறக்கி உட்டுக்க, தெரியுது.

மூணு வருசத்துக்கு முந்தி ஆனி மாசம் வந்தவரு, வந்த பத்தாம் நாளு வவுறு நோவுதுன்னாரு. குடிச்ச வவுறு நோவத்தான செய்யும்னு இருந்தேன். ரெண்டாம் நாளு காச்சலு. வாங்க மாமா ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன். எட்டி ஒதைச்சாரு. செரி, அவரா கூப்புடட்டும்னு இருந்துட்டேன். மூணாம் நாளு காலையில கூப்புட்டாரு. 'மைனா, தாங்க முடியல, ஒரு ஆட்டோ கூப்புடு'ன்னாரு. வவுறு பலகையாட்டம் இருந்துச்சு, தொட உடல. எனக்கு அன்னைக்கு ஷிப்டு. இடையில உட்டுட்டு வந்தா மொதலாளி திட்டுவாரு. மத்தியானம் வந்து கூட்டிட்டுப் போறேன் மாமான்னு சொல்லிட்டுப் போனேன். போயி, மத்தியானம் வந்து கூட்டிட்டு வந்தேன். சொன்னபடி வந்தேன்.

டாக்டரம்மா என்னையத் திட்டுனாங்க. 'இவ்வளவு நேரம் என்னம்மா பண்ணுனீங்க? கொடல் ஓட்டையாகி மலமெல்லாம் வயித்துக்குள்ள கலந்து சீழ் புடிச்சுக் கெடக்குது'ன்னாங்க. ரெண்டு தடவை அறுத்தாங்க. பாட்டில் பாட்டிலாத் தண்ணி ஊத்திக் கழுவுனாங்களாம். ஒம்போது நாளு மெசின்லதான் மூச்சு. காலும் மூஞ்சியும் வீங்கி, அது அவருதானான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. பொழைக்கறது கடவுள் விட்ட வழின்னு சொல்லிட்டாங்க. நான் இந்தச் சொவத்துல சாஞ்சு உக்காந்துட்டு, அர்த்தநாரீசுவரா, பாதியாவது குடுன்னு கேட்டேன். பாதியாவது குடுன்னு அந்த வார்த்தையாத்தான் கேட்டேன் கண்ணு.

அப்பத்தான் அந்தப் போனு வந்துச்சு. அவரோட போனு என்ற மடியில இருந்துச்சு. எடுத்தா ஒரு பொம்பள. இந்தியில பேசறா. எனக்கு ஒரு எழவும் புரியல, ஆனா அழுவறது புரியுது. அழுவறதுக்கு என்ன பாஷை? பக்கத்துல ஒரு கொழந்தை பேசற சத்தமும் கேட்டுச்சு. ஒரு வார்த்தை மட்டும் புரிஞ்சுது, 'பப்பா'ன்னு. அமத்தி வெச்சுட்டேன். ஒரு வாரம் வந்துட்டே இருந்துச்சு அந்த நம்பரு. அப்பறம் சிம்மைக் கழட்டிப் போட்டுட்டு வேற மாத்திட்டேன். அவருக்கு நெனைவு வந்ததும் கேட்டாரு, 'யாராச்சும் கூப்புட்டாங்களா?'ன்னு. யாருமே கூப்புடலியே மாமான்னேன். நொந்து கெடக்கற மனுசனுக்கு எதுக்கு இன்னொரு கவலை?

இருவத்தாறாம் நாளு ஊட்டுக்கு அனுப்புனாங்க. அன்னைக்கு டாக்டரம்மா என்ற கையில சீட்டைக் குடுத்து, 'மூணு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்கம்மா. ஒடம்பு தேறுனதும் கொடலை உள்ள வெச்சு மூடிரலாம், பழையபடி நடமாடுவாரு'ன்னாங்க. அவரு வீல்சேர்ல தலை தொங்கி உக்காந்திருந்தாரு, காதுல உழுவல. என்ன சொன்னாங்கன்னு கேட்டாரு. நல்லாச் சாப்புடச் சொன்னாங்கன்னேன். மிச்சத்தை அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்பறம் சொல்லிக்கலாம்னுதான் இருந்தேன்.

இப்பத்தான் நீ தெரிஞ்சுக்கோணும். மொத மாசம் கஷ்டந்தான். பையி நிக்காது, கழண்டுரும். ஓரத்துல தோலு வெந்துரும், பவுடரு போடோணும், பசை தடவோணும். மொச்சைக்கொட்டை, முட்டைக்கோசு தொடாத, பையி பலூனாட்டம் உப்பிக்கும். மத்ததெல்லாம் நல்லபடியாத்தான் இருந்துச்சு. மனுசன் ஊட்டுல இருந்தாரு கண்ணு! காலையில நான் கண்ணு முழிச்சா அவரு அந்தக் கட்டல்ல இருப்பாரு. தறிக்குப் போயிட்டுப் பொழுதோட வந்தா, எங்க வெச்சுட்டுப் போனேனோ அங்கயே இருப்பாரு. குடி இல்ல, டாக்டரம்மா தொட்டாச் சாவுன்னு சொல்லிட்டாங்க. 'மைனா, வந்துட்டியா?'ன்னு கேப்பாரு. பதினேழு வருசம் என்னைய 'ஏய்'னு கூப்புட்ட மனுசன். நான் வர்ற வரைக்கும் வாசலையே பாத்துட்டிருப்பாருன்னு பக்கத்தூட்டு அக்கா சொல்லும். பையி நெறஞ்சிருக்கும், அதுக்குத்தான்னு அந்த அக்கா சிரிக்கும். எதுக்கா இருந்தா என்ன?

மூணாவது மாசம் அவரே கேட்டாரு. 'அந்த டாக்டரம்மா மறுக்கா எப்ப வரச் சொல்லுச்சு?'ன்னு. நான் போயிக் கேட்டுட்டு வாரேன் மாமா, நீங்க பஸ்ஸுல அலைய வேண்டாம்னேன். நெசமாத்தான் கெளம்புனேன். சீட்டெல்லாம் எடுத்துக்கிட்டேன். திருச்செங்கோட்டு பஸ் ஸ்டாண்டுல எறங்குனா, இந்த ஊரு பஸ்ஸு எதுத்தாப்புலயே நிக்குது. ஏறோணும். ஏறாம ஒரு டீ வாங்கிக் குடிச்சேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ரெண்டு போர் வண்டி, கழுவி, பொட்டு வெச்சு, மாலை போட்டு, வடக்க கெளம்ப நின்னுட்டிருந்துச்சு. ஆளுக பையை வீசி மேல எறிஞ்சுட்டு, சிரிச்சுட்டு, ஏறுனாங்க. அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். டீ ஆறிருச்சு. பஸ்ஸு போயிருச்சு. நான் ஊட்டுக்கு வந்துட்டேன்.

என்ன சொன்னாங்கன்னாரு.

'கொடலு ரொம்ப நைஞ்சு போச்சாமா மாமா. தொட்டா மறுபடி பொத்துக்குமாமா. உசுருக்கே ஆவாதாமா. இப்பிடியே இருந்துக்கச் சொல்லிட்டாங்க.'

எப்பிடி வந்துச்சுன்னு தெரியல. வாயில தானா வந்துச்சு. அவரு மேல கூரையையே பாத்துட்டுப் படுத்திருந்தாரு. அப்பறம் 'செரி'ன்னாரு. அவ்வளவுதான். அன்னைக்குக் கோழி அடிச்சுக் கொழம்பு வெச்சேன்.

என்ன அப்பிடிப் பாக்கற? மறுபடி அறுத்து, மறுபடி சீழ் புடிச்சு, மறுபடி அந்த மெசின்ல போட்டிருந்தா? யாரு பொறுப்பு? நான் சொன்னது பொய்யின்னு யாரு சொன்னா? ஆயிருக்கலாமல்ல? ஆயிருக்கவும் கூடும். அப்பிடித்தான் நான் நெனைச்சுக்குவேன்.

அவரு வெளிய போறதை உட்டுட்டாரு. சொந்தத்துல ஒரு கண்ணாலம், பந்தியில உக்காந்திருக்கும்போது பையில இருந்து சத்தம் வந்துருச்சு. பக்கத்துல இருந்த ஆளு எலையைத் தூக்கிட்டு எந்திரிச்சுப் போயி எதிர் வரிசையில உக்காந்துக்கிட்டான். அன்னைக்கோட விசேசத்துக்குப் போறது நின்னுச்சு. சாவுக்குப் போறது நின்னுச்சு. வைகாசியில தேரு ஓடறப்ப மைக்குச் சத்தம் எங்கூரு வரைக்கும் வரும். கட்டல்ல உக்காந்துட்டுக் காதைப் பொத்திக்குவாரு. இந்த அசிங்கத்தோட சாமிகிட்டப் போவ மாட்டேன்னு சொல்லிட்டாரு. ராத்திரியில பக்கத்துல படுக்க வேண்டாம்னுட்டாரு. நான் வேண்டாம்னு சொன்னேனா? அவருதான் சொன்னாரு. திங்கறதையும் கொறைச்சுட்டாரு, தின்னாத்தான பையி நெறையும்னு. எழுவத்தஞ்சு கிலோ இருந்தவரு அம்பதுக்கு வந்துட்டாரு. நான்தான் சொன்னேன், எளைச்சா ஒடம்புக்கு நல்லதுதான் மாமான்னு.

ஒரு நாளு கேட்டாரு, 'மைனா, அன்னைக்கே நான் போயிருந்தா உனக்கு நல்லாருந்திருக்குமல்ல?'ன்னு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஊரே சொல்லுச்சு, இப்பிடி ஒரு பொண்டாட்டி யாருக்குக் கெடைப்பான்னு. நெசந்தான? மூஞ்சி சுளிக்காம மூணு வருசம் மாத்தியிருக்கறேன்.

ஒரே ஒருக்காத்தான் கையை ஓங்குனாரு. மொத வருசம், பொங்கலுக்கு முந்தி. சோத்துல உப்பு அதிகம்னு. கை மேல போச்சு. பையி வெக்கற அட்டைப்பொட்டி இருக்குதல்ல, அதை எடுத்துப் பரணு மேல வெச்சேன். ஏணியை வெளிய சாத்துனேன். தறிக்குப் போயிட்டேன். அன்னைக்கு ரெண்டு ஷிப்டு பாத்துட்டு வந்தேன். வந்து பாத்தா கட்டலு, பாயி, சொவரு, எல்லாம். அதுக்கு நடுவால உக்காந்து அழுதுட்டிருந்தாரு, சின்னக் கொழந்தையாட்டம். நான்தான் சுடுதண்ணி வெச்சு ஒடம்பைத் தொடச்சேன். நான்தான் துணி அலசுனேன். ஒரு வார்த்தை திட்டல. அன்னைக்கோட கை ஓங்கறது நின்னுருச்சு. பாசத்துக்கு முன்னால எந்த ஆம்பளையும் நிக்க மாட்டான் கண்ணு.

அந்தக் கிராமத்து நர்சம்மா ஒண்ணு வரும், 'இன்னுமா மூடல?'ன்னு கேட்டுட்டு. அதை வாசல்லயே பேசித் திருப்பித் தாட்டி உட்டுருவேன். சீட்டெல்லாம் என்ற பீரோவுல, சேலைக்கு அடியில இருந்துச்சு.

இப்பிடி நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. பன்னண்டு நாளைக்கு முந்தி காளியண்ணன் வந்தாரு. அவரோட பழைய வண்டியில ஒண்ணா இருந்த ஆளு. நான் நாக்காலி எடுத்துப் போட்டேன், உக்காந்தாரு, நலம் விசாரிச்சாரு. இவரு துண்டைப் போத்தி மறைச்சுக்கிட்டாரு. அந்த ஆளு அதைப் பாத்துட்டு, 'இதுக்கா கூச்சப்படற? எனக்கும் வெச்சாங்க அர்த்தநாரி, நாக்பூர்ல வெச்சு. அஞ்சே மாசம், எடுத்துட்டாங்க. இங்க பாரு'ன்னு சட்டையைத் தூக்கிக் காமிச்சாரு. வவுத்துல ஒரு கோடு, பக்கத்துல ஒரு சுருக்கம். அவ்வளவுதான்.

இவரு கையை நீட்டி அந்தச் சுருக்கத்தைத் தொட்டுப் பாத்தாரு.

'எனக்கு ஆவாதுன்னு சொல்லிட்டாங்கப்பா'ன்னாரு.

'யாரு சொன்னா?'

இவரு என்னையப் பாத்தாரு. நான் டீ வெச்சாரேன்னு உள்ள போயிட்டேன். டீயக் கொண்டாந்து குடுத்தேன். காளியண்ணன் டம்ளரை வாங்கிக் கீழ வெச்சாரு, குடிக்கல.

அந்த ஆளு போனதும் சீட்டைக் கேட்டாரு. 'எடு'ன்னாரு, அவ்வளவுதான். எடுத்துக் குடுத்தேன். இங்கிலீசுல இருக்குது, அவருக்குப் படிக்கத் தெரியாது. மடிச்சுச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டாரு. மறுநாளு காளியண்ணன் வண்டியோட்டிட்டு வந்து, இவரு பின்னால உக்காந்து, இங்க வந்துட்டுப் போனாங்க. அந்தக் கண்ணாலத்துக்கப்பறம் அவரு வாசலைத் தாண்டுனது அன்னைக்குத்தான். நான் வாசல்லயே நின்னுட்டிருந்தேன். அடி உழுவும்னுதான் நின்னேன், உன்கிட்டச் சொல்றதுக்கு என்ன? ஏணி எங்க இருக்குதுன்னுகூடப் பாத்து வெச்சுக்கிட்டேன்.

வந்தாரு. செருப்பைக் கழட்டுனாரு. 'பதினெட்டாந்தேதி ஆபரேசன்'னாரு.

'மாமா, அன்னைக்கு அந்த டாக்டரம்மா சொன்னது...'ன்னு ஆரம்பிச்சேன்.

'மூடிட்டு வாரேன் மைனா. பொறவு பேசிக்கலாம்.'

கோவமே இல்ல கண்ணு! கொரலு ஏறல. கண்ணு செவக்கல. இவ்வளவு பெரிய விசயத்தை ஒரு மனுசன் இப்பிடித் தாங்கிக்குவான்னு நான் நெனைக்கவே இல்ல. எனக்குத்தான் மனசு கேக்கல. ஒரு சத்தம் போட்டிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்.

அதுக்கப்பறம் பதினோரு நாளு. அந்தப் பதினோரு நாளு மாதிரி அவரு நல்லவரா இருந்து நான் பாத்ததில்ல. பையை அவரே மாத்திக்கிட்டாரு. மூணு வருசமா கை நடுங்குது, எனக்கு வராதுன்னவரு, ஒரே நாள்ல கத்துக்கிட்டாரு. கதவைச் சாத்திட்டு மாத்துவாரு. சோறு போட்டா, 'மொதல்ல நீ திங்கு'ன்னாரு. நான் ரெண்டு வாயி தின்னதுக்கப்பறந்தான் அதே தட்டுல கையை வெப்பாரு. இருவது வருசத்துல என்னைய மொதல்ல திங்கச் சொன்னதே இல்ல. பக்கத்தூட்டு அக்காகிட்டப் போயிச் சொன்னேன். அந்த அக்கா சிரிக்கல. அதுக்குப் பொறாமை.

நல்லாத் திங்க ஆரம்பிச்சாரு. ஒடம்பு தேறுனாத்தான் ஆபரேசன் தாங்கும்னு சொல்லியிருந்தாங்களாம். முட்டை, பாலு, ஈரலு, எல்லாம். காத்தால நடப்பாரு, பொழுதோட நடப்பாரு. ஒரு நாளு, 'வா, ஒட்டுக்கா நடந்துட்டு வரலாம்'னாரு. எங்கூருக்கு மேக்க ஒரு பழைய கெணறு இருக்குது, மோட்டாரைக் கழட்டிட்டாங்க, முள்ளு மொளைச்சுக் கெடக்கும், யாரும் போவ மாட்டாங்க. அது வரைக்கும் நடந்தோம். அவரு ஓரத்துல நின்னு ஒரு கல்லை உட்டுப் பாத்தாரு. 'எம்பதடி'ன்னாரு. தொழிலு அதுதான, சத்தத்தை வெச்சே சொல்லிருவாரு. நான் பக்கத்துல போயி எட்டிப் பாத்தேன். 'பாத்து நில்லு'ன்னு என்ற கையப் புடிச்சாரு. சும்மா புடிச்சுட்டே நின்னாரு. கண்ணாலத்தன்னைக்குப் புடிச்சது, அதுக்கப்பறம் அன்னைக்குத்தான். கையில இன்னும் பலம் வரல பாவம், புடி நிக்கல. பொறவு உட்டுட்டாரு.

ஆடி லீவுக்குத் தாரணி வாரேன்னா. நான் பலகாரமெல்லாம் சுட்டு வெச்சிருந்தேன். அவருதான் போன் பண்ணி, 'இங்க வராத சாமி, உங்க அத்தையூட்டுக்குப் போ. நான் சொல்ற வரைக்கும் அங்கயே இரு'ன்னுட்டாரு. புள்ளை அழுதுருச்சாம். படிப்புக் கெட்டுறக் கூடாதுன்னு நெனைச்சிருப்பாரு. ஆஸ்பத்திரி அலைச்சல்ல புள்ளைய எதுக்கு இழுக்கறதுன்னு. அப்பனுக்கு இருக்காதா?

நேத்து டாக்டரு வந்து எல்லாஞ் சொல்லிட்டு, ஏதாச்சும் கேக்கோணுமான்னாரு. இவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. 'எத்தனை நாள்ல பாரம் தூக்கலாமுங்க?' டாக்டரு சிரிச்சுட்டாரு. 'என்னய்யா அவசரம், ரெண்டு மாசம் போவட்டும்'னாரு. இவரு என்னையப் பாத்துட்டு, 'ரெண்டு மாசம்'னாரு. வண்டிக்குப் போவோணும்னு ஆசை. அத்தனை பெரிய குழாயெல்லாம் தூக்கோணுமே.

என்ன கண்ணு சொல்ற? சத்தமாச் சொல்லு.

எனக்கு வேற போறதுக்கு எடமா? எதுக்கு? எங்கண்ணன் ஊடு சங்ககிரியில இருக்குது, அங்க நான் எதுக்குப் போவோணும்? ஊட்டுக்காரரு ஆபரேசன் பண்ணிப் படுத்திருக்கும்போது எந்தப் பொம்பளையாச்சும் அண்ணனூட்டுக்குப் போவாளா? நீ சின்னப் புள்ளை, உனக்குத் தெரியல. நீ என்னமோ சினிமாவாட்டம் நெனைச்சுக்கற. மூணு வருசமா ஒரு அடி இல்ல கண்ணு. ஒரு அடி! அப்பிடிப்பட்ட மனுசனுக்கு இனிமே எதுக்குப் பயப்படோணும்?

உனக்குச் சொல்றதை நீ கேளு. உன்ற ஊட்டுக்காரருக்கு மூணு மாசம்னு சொல்லியிருக்காங்க. சீட்டை உன்ற கையிலதான் குடுப்பாங்க. அவசரப்படாத. நல்லா யோசிச்சுக்க. நான் ஒண்ணும் செய்யின்னு சொல்லல. அந்த மணிக்கட்டைப் பாத்ததால சொல்றேன். ஒரு வருசம் ஊட்டுல வெச்சுப் பாத்தா...

எங்க எந்திரிக்கற? இரு. இரு கண்ணு, போவாத, நான் ஒண்ணும் சொல்லல. உன்ற ஊட்டுக்காரரு உன்ற இஷ்டம். உக்காரு. தனியா உக்காந்திருந்தா எனக்கு என்னென்னமோ தோணுது. இந்த ஏசி வேற. காலையில இருந்து ஒண்ணும் திங்கல, அதான்.

கதவு தொறக்குது.

இங்கதானுங்க சிஸ்டர்! நாந்தானுங்க. அர்த்தநாரி சம்சாரம். மைனாவதி, ஆமாங்க.

நல்லபடியா முடிஞ்சுதுங்களா? ரத்தமெல்லாம்... செரிங்க. செரிங்க. எந்திரிச்சு நடந்துருவாருங்களா? பழையபடிக்குங்களா? அப்பிடீங்களா. சந்தோசமுங்க. ரொம்பச் சந்தோசமுங்க.

முழிச்சுட்டாருங்களா? என்னையவா? என்ற பேரையா சொல்றாரு?

கேட்டியா கண்ணு? இன்னும் மயக்கமே செரியாத் தெளியலியாமா. டாக்டரு கேட்டதுக்குப் பதிலு இல்லியாமா. வேற ஒரு வார்த்தை பேசலியாமா. மைனா மைனான்னு என்ற பேரை மட்டும் சொல்லிட்டே இருக்கறாராமா. சிஸ்டரே சிரிக்கறாங்க பாரு. இப்பிடி ஒரு ஆளை நாங்க பாத்ததில்லம்மா, உங்க மேல உசுரையே வெச்சிருக்காருங்கறாங்க.

வாரேனுங்க சிஸ்டர். இதோ வாரேன். முந்தானையச் செரி பண்ணிட்டு வந்தர்றேன்.

வெண்ணிலா, நீயும் சித்த வாரியா? உள்ளயெல்லாம் வேண்டாம். பயமெல்லாம் ஒண்ணும் இல்ல. அந்தக் கதவு வரைக்கும் கூட வா. கதவு வரைக்கும் வந்தாப் போதும்.